கரிசல் மண்ணும் கோபன்ஹேகன் கணக்கும்

சித்திரை வெயிலில் பசுவந்தனைச் சுற்றுவட்டாரப் புஞ்சைகள் வாய் பிளந்து கிடக்கும். உளுந்தும் பாசியும் எப்போதோ வீடு வந்து சேர்ந்திருக்கும். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப இதுதான் தோதான காலம். நிலத்தில் பயிரும் இருக்காது, புதிதாகப் போட்ட உரமும் இருக்காது.

பரிசோதனைக்குப் போகும் அரைக் கிலோ மண்ணின் பயணம் மண்வெட்டியில் தொடங்குகிறது. பொழி ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சம்சாரி புஞ்சைக்குள் குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டுகிறார். வெட்டிய மண்ணைத் தள்ளிவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுப்பதுதான் மாதிரி. வெடிப்பின் விளிம்பில் எடுக்கக் கூடாது. மேல்மண் உள்ளே உதிர்ந்து அடிமண்ணோடு கலந்திருக்கும். சேர்ந்த மண்ணை ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பி, நாலு பங்கு வைத்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைக் கழிக்கிறார். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதே வேலை. பிறகு துணிப்பை. யூரியா சாக்கில் கட்டினால் அதில் ஒட்டியிருக்கும் உரமும் கணக்கில் ஏறிவிடும்.

பை பஸ் ஏறி, கோவில்பட்டி மண் பரிசோதனை நிலையத்துக்குப் போகிறது. நிழலில் உலர்ந்து, மரச்சுத்தியலால் உடைபட்டு, 2 மி.மீ. சல்லடையில் இறங்குகிறது. சுக்கான் கற்கள் மேலேயே தங்கிவிடும்.

இனி அந்த மண்ணை அளக்கும் கோல் டென்மார்க்கிலிருந்து வந்தது. அமிலமா, காரமா என்று சொல்லும் பி.எச். அளவை 1909-ல் வகுத்தவர் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலை முதலாளி தொடங்கிய கார்ல்ஸ்பர்க் ஆய்வகம். அங்கே அவருக்கு முன் இருந்த கெல்டால், 1883-ல் தானியத்திலுள்ள நைட்ரஜனை அளக்க வழி சொன்னார். நம் ஆய்வகங்களில் தழைச்சத்து (நைட்ரஜன்) பார்ப்பது 1956-ல் சுப்பையாவும் அசிஜாவும் வெளியிட்ட பெர்மாங்கனேட் முறை. அதில் ஆவியை வடிக்கும் கருவிக்கு இன்றும் கெல்டால் பெயர்தான்.

மண்ணோடு பெர்மாங்கனேட்டும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகி, போரிக் அமிலக் குடுவைக்குள் இறங்கும். ஒயின் சிவப்பாக இருந்த கரைசல் பச்சையாகும். அதில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட, மறுபடி சிவப்பு எட்டிப்பார்க்கும் இடத்தில் கை நிற்க வேண்டும். எத்தனை மில்லி செலவானது என்பதிலிருந்து தழைச்சத்து கணக்காகிறது. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் 'குறைவு'.

கரிசலுக்கு வழக்கமாக வரும் விடை இது: பி.எச். 8-ஐ ஒட்டி அல்லது அதற்கு மேல், சாம்பல் சத்து தாராளம், தழைச்சத்தும் அங்ககக் கரிமமும் குறைவு. மண் ஆய்வகத்தோடு தங்கிவிட, பன்னிரண்டு விவரங்கள் கொண்ட மண்வள அட்டை ஊர் திரும்புகிறது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் அட்டை அது.

கருவி எவ்வளவு நுட்பமானாலும் பையில் வந்த மண்ணைத்தான் அளக்கும். குழி வெட்டிய கை ஏமாற்றினால் கோபன்ஹேகன் கணக்கும் பொய்த்துப்போகும். அட்டையை பீரோவில் பூட்டி வைப்பதிலும் பயனில்லை. புரட்டாசி விதைப்புக்கு முன் உரக்கடைக்குக் கிளம்பும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். சாம்பல் சத்து நிறைந்த புஞ்சைக்கு வழக்கத்துக்காகப் பொட்டாஷ் மூட்டை வாங்குவது தண்டச் செலவு.