புளித்த மாவும் கடை ஈஸ்ட்டும்



இரவு அரைத்து வைத்த தோசை மாவு விடிவதற்குள் பானையின் விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. அதைப் பொங்க வைக்க நாம் எதையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. கோதுமை ரொட்டியும் பல்லாயிரம் ஆண்டுகள் அப்படித்தான் பொங்கிற்று. பின்னர் கடையில் விற்கும் ஈஸ்ட் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. அதனால் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை இன்று காண்போம்.

கோதுமை மாவை நீரில் குழைத்து வைத்து, நாள்தோறும் அதில் ஒரு பகுதியை நீக்கிப் புது மாவும் நீரும் சேர்த்து வந்தால், சில நாட்களில் அதில் குமிழிகள் எழும். மாவிலேயே இயற்கையாக வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுதான் ரொட்டியை உப்ப வைக்கிறது. கூடவே வாழும் பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல், இந்தப் புளித்த மாவிலும் சிறிது எடுத்து வைத்து அடுத்த முறை சேர்ப்பார்கள்.

இதற்குப் பணம் தேவையில்லை. ஆனால் நேரம் வேண்டும். பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசில் 18-ஆம் நூற்றாண்டில் ரொட்டிக் கடைகளில் உழைத்தவர்களைக் கேட்டால் இது தெரிந்திருக்கும். சிறிது உறைமாவுக்கு முறை முறையாகப் புது மாவு ஊட்டிப் பெரிதாக்க வேண்டும். ஊர் விழிக்கும்போது ரொட்டி சூடாக இருக்க வேண்டுமென்றால், இவர்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்.

வேறொரு வழியும் இருந்தது. பீர் காய்ச்சும் இடங்களில் கிடைக்கும் நுரையைச் சேர்த்தால் மாவு விரைவில் பொங்கும். ஆனால் அது உடலுக்குக் கெடுதல் என்று 1668-ஆம் ஆண்டில் பாரிஸ் மருத்துவக் கழகம் தீர்ப்புச் சொன்னது. 1670-ஆம் ஆண்டில் அந்நகர உயர்நீதி மன்றமோ அதை அனுமதித்தது. வழக்காடிய எவருக்கும் அந்த நுரையில் உயிர் இருக்கிறது என்பது தெரியாது! 1837-ஆம் ஆண்டளவில்தான் பிரான்சின் கஞார் த லா தூர், ஜெர்மனியின் ஷ்வான் ஆகியோர் ஈஸ்ட் ஓர் உயிரே என்று கண்டனர். 1857 முதல் லூயி பாஸ்டர் செய்த ஆராய்ச்சிகள், புளித்தல் என்பது உயிர்களின் செயலே என்று நிலைநாட்டின.

உயிர் என்று தெரிந்தபின் அதை வளர்த்து விற்பதும் பெருகியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னா நகரத்தார் தானியக் கூழில் ஈஸ்ட்டை வளர்த்து, அழுத்திக் கட்டியாக்கி விற்றனர். அந்த முறையைச் சார்லஸ் பிளைஷ்மன் என்பவர் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று, 1868-ஆம் ஆண்டில் தம் பங்காளிகளுடன் சின்சினாட்டியில் ஆலை தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ப்பெட்டி தேவைப்படாத உலர் ஈஸ்ட் படைவீரர்களுக்காகச் செய்யப்பட்டது. நாள் கணக்கில் மாவைப் பேணாமலே சில மணி நேரத்தில் ரொட்டி கிடைத்தது.

அப்படியானால் ரொட்டித் தொழிலாளிக்கு உறக்கம் திரும்பிவிட்டதா? இல்லை, நேயர்களே! மாவு விரைந்தது, இரவு வேலை நிற்கவில்லை. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1919-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பிரான்சில் இரவு 10 மணி முதல் காலை 4 மணி வரை ரொட்டி செய்யும் வேலையைச் சட்டம் தடுத்தது. விரைவான பொருள் வந்துவிட்டால் உழைப்பவனுக்கு ஓய்வு தானே வந்துவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இழந்ததும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1849-ஆம் ஆண்டுத் தங்க வேட்டைக் காலம் முதல் புளிப்பு ரொட்டி பெயர் பெற்றது. அதன் உறைமாவை ஆராய்ந்தவர்கள் 1971-ஆம் ஆண்டில் ஒரு புதுமையை வெளியிட்டனர். அதிலுள்ள ஈஸ்ட், மாவில் உண்டாகும் மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையைத் தொடுவதில்லை. பாக்டீரியாவோ அதையே விரும்பி உண்கிறது. ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியில்லை. அதனால் இரண்டும் ஒரே மாவில் நெடுங்காலம் சேர்ந்து வாழ்கின்றன. கடை ஈஸ்ட்டை மட்டும் போட்டு விரைவாகச் செய்யும் ரொட்டியில் இந்தக் கூட்டு வாழ்வு வளர நேரமில்லை. ஆகவே அந்தப் புளிப்புச் சுவையும், எளிதில் பூசணம் பிடிக்காத தன்மையும் குறைகின்றன.

வீட்டில் ரொட்டி சுடுவோர் இரண்டில் ஒன்றைப் பகையாக எண்ண வேண்டியதில்லை. பிரான்சின் 1993-ஆம் ஆண்டு விதிகூட, புளித்த மாவு ரொட்டியில் ஒரு கிலோ மாவுக்கு 2 கிராம் வரை ஈஸ்ட் சேர்க்க இடம் தருகிறது. அவசரத்துக்குக் கடை ஈஸ்ட் கைகொடுக்கும். பொறுமையுள்ளவருக்குப் புளித்த மாவு சுவை தரும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, பல நாடுகளில் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்து போயிற்று. வீட்டில் அடைபட்ட மக்கள் மாவையும் நீரையும் குழைத்து வைத்துக் காத்திருந்தனர். குமிழிகள் எழுந்தன. கடை அடைத்திருந்த நாளிலும், அந்தப் பழைய கைப்பழக்கம் வீட்டுக்கு ரொட்டி தந்தது.