வெள்ளியும் அதன் அளவும்

காட்டூரில் எங்கள் இல்லத்தில் குடிநீர் வைக்கச் செப்புக் குடமே பயன்பட்டது. செம்பும் வெள்ளியும் நீரைக் கெடாமற் காக்கும் என்பது நம் முன்னோர் பட்டறிந்த செய்தி. அவற்றுள் வெள்ளி மருத்துவமனைக்குள் புகுந்த வரலாற்றை இன்று சொல்ல விழைகிறேன்.

1880ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்னும் மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்களில் 2 விழுக்காட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளியாக இட்டார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துக் குழந்தைகளைப் பற்றியிருந்த கண்நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. எத்தனையோ குழந்தைகள் பார்வை இழவாது தப்பின.

இருபதாம் நூற்றாண்டில் புதியதோர் இடர் தோன்றியது. சிறுநீர்க் குழாய், செயற்கை மூட்டு, இதய வால்வு ஆகியவற்றை உடலுள் வைத்து உயிர்காக்கக் கற்றோம். ஆனால் அவற்றின்மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, பாசிபோலப் படலம் கட்டுகின்றன. அப்படலத்துள் மறைந்த கிருமிகளை மருந்து எளிதில் வெல்வதில்லை. ஆதலின் கருவியின்மீதே வெள்ளி பூசினர் அறிஞர். வெள்ளியிலிருந்து வெளிப்படும் அயனிகள் கிருமியின் உறையைச் சிதைத்து, நொதிகளை முடக்குகின்றன.

இம்முயற்சி எங்கும் வெற்றி பெற்றதா? இல்லை. 'சில்சோன்' என்னும் இதய வால்வின் தையல் வளையத்தில் வெள்ளி பூசப்பட்டிருந்தது. நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்தபோது, வால்வைச் சுற்றி இரத்தம் கசிவது மிகுந்திருக்கக் கண்டனர். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வால்வு விற்பனையினின்றும் மீட்கப்பட்டது. காக்க வந்த பூச்சே கேடாயிற்று!

இன்று வெள்ளியை நானோ துகள்களாக்கிப் பூசுகின்றனர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க மொத்தப் பரப்பு பெருகும். ஆதலின் சிறிதளவு வெள்ளியே போதும். எனினும் அயனிகள் அளவாக வெளிப்பட வேண்டுமே! குடிநீர்த் துறையில் இதற்கோர் எடுத்துக்காட்டு நம் சென்னையிலேயே உண்டு. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், வெள்ளியைச் சிறுகச் சிறுக விடுக்கும் நானோ பொருள் ஒன்றை 2013இல் வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 0.1 மில்லிகிராம் என்னும் வரம்புக்குள் அது அடங்கி நின்றது.

கிருமியைக் கொல்வது எளிது. உடலின் உயிரணுவைக் காத்துக்கொண்டு கொல்வதே அரிது. அவ்வரிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. இளைஞர்களே, அது உங்கள் கைகளை எதிர்நோக்கி நிற்கிறது.