அமெரிக்காவில் கம்பியில்லா அலைவீச்சு வரம்புகளும் உள்ளூர் ஆட்சேபங்களும்

அமெரிக்காவில் கைபேசிக் கோபுரங்களின் அலைவீச்சுக்கு வரம்பு விதிப்பது கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம். கோபுரம் எந்த இடத்தில் எழலாம் என்று சொல்லும் அதிகாரம் பெரிதும் நகராட்சிகளிடம் இருக்கிறது. வரம்புக்குள் அடங்கும் கோபுரத்தை அலைவீச்சைக் காரணம் காட்டி மறுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை.

வரம்புகளின் வேர் ராடார் காலத்தில் இருக்கிறது. ராடார் நிலையப் பணியாளரின் நலம் குறித்துப் படைத்துறை கேட்டபோது, பென்சில்வேனியா பல்கலைக்கழக உயிரியற்பியலாளர் ஹெர்மன் ஷ்வான் 1953இல் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற அளவை முன்வைத்தார். உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியும் என்ற கணக்கே அதன் அடிப்படை. 1966இல் அதுவே நாட்டுத் தரநிலையாயிற்று. நரம்பு மண்டலத்தின் நுட்பமான மாறுதல்களையும் பொருட்படுத்திய சோவியத் ஒன்றியமோ, முழுநாள் பணிக்கு அதே பரப்பில் 10 மைக்ரோவாட்டே உச்சவரம்பு என்று 1950களின் இறுதியில் வரையறுத்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின்மீது பல ஆண்டுகளாக நுண்ணலை பாய்ச்சப்பட்ட செய்தி 1976இல் வெளியானபோது இது தர்மசங்கடமாயிற்று. வாஷிங்டன் கண்டித்த அந்த அலையின் செறிவு வாஷிங்டனின் சொந்த வரம்புக்கு மிகக் கீழே இருந்தது.

வெப்பமே அளவுகோல் என்ற நோக்கு அதன் பின்னும் மாறவில்லை. சோதனைகளில் எலிகளும் குரங்குகளும் பழகிய வேலையைச் செய்யத் தடுமாறிய அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட். அதில் பத்தில் ஒரு பங்கு தொழிலாளருக்கும் ஐம்பதில் ஒரு பங்கு பொதுமக்களுக்கும் உடல் முழுமைக்குமான சராசரி வரம்பாயின. 1996இல் ஆணையம் ஏற்ற விதிகள் இக்கணக்கின்மேல் நிற்பவை. கைபேசிக்குரிய வரம்பு, ஒரு கிராம் திசுவின் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்.

ஆணையம் இத்துறைக்குள் வந்ததே 1969ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின் வழியாகத்தான். தன் முடிவுகளின் விளைவை ஒவ்வொரு கூட்டரசு அமைப்பும் முன்கூட்டியே ஆராய வேண்டும் என்றது அச்சட்டம். நடைமுறையில் வரம்பே ஆய்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டது; வரம்புக்குள் அடங்கும் நிலையத்துக்கு அலைவீச்சின் பொருட்டுத் தனி மதிப்பீடு தேவையில்லை. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பிரிவு 704 வழியாக, உள்ளாட்சிகளின் வாயையும் அடைத்தது. நோய் அச்சத்தோடு நகர்மன்றக் கூட்டத்துக்கு வருவோர் கோபுரத்தின் உயரம், தோற்றம், வீட்டுமனை விலை என்றே வாதாட வேண்டியதாயிற்று. பிரிவையும் வரம்புகளையும் எதிர்த்த வழக்கு 2000இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது.

சாலையோரக் கம்பங்களில் பொருத்தும் சிறு அலைநிலையங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து ஆணையம் 2018இல் அளித்த விலக்கை, பழங்குடி அரசுகளும் பிறரும் தொடுத்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் நீக்கியது. வானலைகளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வகைப்படுத்தியிருந்தும், 2019 டிசம்பரில் ஆணையம் பழைய வரம்புகளை மாற்றாமல் தன் மறுஆய்வை முடித்தது. குழந்தைகள், நெடுநாள் வெளிப்பாடு, சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய சான்றுகளுக்கு ஆணையம் தக்க விளக்கம் தரவில்லை என்று அதே நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் விவகாரத்தைத் திருப்பி அனுப்பியது. அறிவியல் வாதத்தில் எப்பக்கம் சரி என்று அது சொல்லவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் 1996இன் எண்களே நடப்பில் நீடித்தன.