நிலைக்கு மேல் வைத்த சாவி

ஜியோசிட்டீஸ் என்ற பெயர் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். 1990களின் பிற்பாதியில் இலவசமாக இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள இடம் கொடுத்த தளம் அது. குடும்பப் படங்களைப் போட ஆசைதான். ஆனால் உறவினர் மட்டும் பார்க்க வேண்டுமே! அங்கேதான் சிக்கல். எழுதி வைத்த பக்கத்தைக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதோடு அத்தகைய தளங்களின் சர்வர் வேலை முடிந்துவிடும். வந்தவர் யார் என்று அது விசாரிக்காது.

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பக்கத்தைப் பார்ப்பவரின் கணினியிலேயே ஓடும் மொழி இது. உடனே பலரும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் வைத்துக் கடவுச்சொல் கேட்கத் தொடங்கினார்கள். பார்வைக்குப் பூட்டுதான். ஆனால் உலாவியில் 'வியூ சோர்ஸ்' என்பதை அழுத்தினால் கடவுச்சொல், மறைத்த பக்கத்தின் முகவரி எல்லாம் கண்ணெதிரே வந்து நிற்கும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைக்கு மேல் வைக்கிறோமே, அதே கதை. அந்த இடம் திருடனுக்கும் தெரியும்.

சரியான வழி வேறு. வாசலைக் காப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் எழுத்துகளையே புரியாத குறிகளாக மாற்றி வைப்பது. இதைத்தான் மறையாக்கம் என்கிறோம். கடவுச்சொல்லைத் தட்டியதும் அதிலிருந்தே சாவி உருவாகும். பக்கத்தில் அந்தச் சொல் எங்குமே இருக்காது. சர்வரை நடத்துபவர் திறந்து பார்த்தாலும் அவருக்குக் கிடைப்பது வெறும் குறிகள்.

அப்படியானால் அன்றே ஏன் செய்யவில்லை? அன்று அமெரிக்கச் சட்டம் வலுவான மறையாக்கத்தைப் போர்த் தளவாடமாகக் கருதியது. நெட்ஸ்கேப் உலாவியே இரண்டு வகையாக வந்தது. அமெரிக்கருக்கு 128 பிட் பூட்டு. மலேசியா, சிங்கப்பூர் உட்பட வெளிநாட்டினருக்கு 40 பிட் பூட்டு. அந்த 40 பிட் பூட்டை 1995இல் பிரான்சின் டாமியன் டோலிகே எட்டே நாட்களில் உடைத்துக் காட்டினார். நம் பக்கத்து மக்களுக்கு வந்தது அவ்வளவு மெலிந்த பூட்டு! கட்டுப்பாடு பெருமளவு தளர்ந்தது 2000 ஜனவரியில்தான்.

2001 நவம்பரில், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்த முறை ஏஇஎஸ் என்ற பெயரில் அமெரிக்கத் தரமானது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். உலாவிகளுக்குள் அது முறையாக வந்து சேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2017 ஜனவரியில் வெப் கிரிப்டோ தரம் இறுதியானது. இன்று இலவச இடத்தில் வைக்கும் சாதாரணப் பக்கத்தையும் உண்மையாகவே பூட்டலாம்.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. வங்கி இயந்திரத்தில் சில முறை தவறினால் அட்டை முடங்கிவிடும். இங்கே பூட்டிய பெட்டியையே திருடன் வீட்டுக்குக் கொண்டு போகிறான். எத்தனை கோடி முறை முயன்றாலும் தடுக்க ஆளில்லை. அதனால்தான் கடவுச்சொல்லிலிருந்து சாவி செய்யும் கணக்கை வேண்டுமென்றே பல முறை திரும்பத் திரும்பச் செய்து தாமதப்படுத்துகிறார்கள். 2000இல் வெளியான பரிந்துரை குறைந்தது 1,000 முறை என்றது. 2023இல் ஓவாஸ்ப் அமைப்பு சொன்ன எண்ணிக்கை 6,00,000. பிள்ளையின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்தவரை இந்த ஆறு லட்சமும் காப்பாற்றாது. சர்வரை நடத்துபவர் பக்கத்தின் நிரலையே மாற்றி, தட்டும் சொல்லைத் திருடவும் வழி இருக்கிறது.

சொல்லை மறந்துவிட்டால்? 'மறந்துவிட்டீர்களா' என்று கேட்கும் பொத்தான் இங்கே கிடையாது. திருப்பிக் கொடுக்க அது யாரிடமும் இல்லை.