பயனெட் சேகரிப்பு

பயனெட் என்பது துப்பாக்கியின் வாய்ப்புறத்தில் மாட்டி, ஈட்டிபோல் குத்தப் பயன்படுத்தும் கத்தி. துப்பாக்கிச் சனியன், துப்பாக்கிமுனைக் கத்தி என்றும் எழுதுவர். படைகள் கழித்துவிட்ட பயனெட்டுகளைத் தேடி வாங்கி, வகை பிரித்து, முத்திரை படித்துப் பாதுகாப்பது பயனெட் சேகரிப்பு. வாள் வாங்க வசதியில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நெடுங்காலம் இதை இளக்காரமாகச் சொல்லிவந்தார்கள். விலை ஏறிய பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது.

வட்டாரப் பின்னணி: இந்தக் குறிப்பு நெய்வேலி வட்டாரச் சேகரிப்பாளரை மனத்தில் கொண்டது. நெய்வேலி நகரியம் 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்துக்காக எழுந்த ஊர். சேகரிப்பாளர்கள் விரும்பும் பயனெட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஊரைவிட மூத்தவை. அரண்மனையோ பழைய ஆயுதக் கொட்டிலோ இங்கே கிடையாது. ஆனால் கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரி மூன்றும் காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடும் தொலைவில் இருக்கின்றன. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. 1783இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடமிருந்த கடலூரைக் கம்பெனிப் படை முற்றுகையிட்டது. ஜூன் 25 அன்று கோட்டையை விட்டு வெளியே பாய்ந்த பிரெஞ்சுக் காலாட்படையை வங்காளச் சிப்பாய்கள் பயனெட்டுக்குப் பயனெட் பொருதி விரட்டினர். ஐரோப்பியரின் ஆயுதத்தாலேயே ஐரோப்பியரை இந்தியர் வென்ற நிகழ்ச்சி என்று படை வரலாறுகள் இதைப் பெருமையாகப் பேசும். இரு தரப்பிலும் கூலிக்குப் போரிட்ட இந்தியர் இருந்ததை அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

வகைகள்: மிகப் பழையது 17ஆம் நூற்றாண்டின் செருகு பயனெட். மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே செருக வேண்டும். செருகிய பின் சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி போரில் அரசுப் படை தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து வந்த குழாய் பயனெட், குழலைச் சுற்றி வளையம்போல் மாட்டும். மாட்டியபடியே சுடலாம். கம்பெனிச் சிப்பாய் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியில் மாட்டியது இதைத்தான்: 17 அங்குல அலகு, முக்கோண வெட்டுமுகம், வெட்டும் விளிம்பு கிடையாது. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கிக்கும் இதே அமைப்புதான். மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்காக 1876இல் வந்த குழாய் பயனெட் 21 அங்குலத்துக்கும் மேல் நீண்டது.

1888இல் பிரிட்டிஷ் படை கைப்பிடியுள்ள 12 அங்குலக் கத்திவகைக்கு மாறியது. துப்பாக்கியின் நீளம் குறைந்ததும் எதிரியை எட்டும் தூரம் போதாது என்ற கவலை வந்தது. ஜப்பானியரின் 30ஆம் வகைப் பயனெட்டைப் பார்த்து, 17 அங்குல அலகோடு 1907ஆம் ஆண்டு மாதிரியை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் குறுக்குக் காப்பின் கீழ்ப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருந்தது. 1913இல் கொக்கி கைவிடப்பட்டது; முன்பே செய்தவற்றிலும் பலவற்றை அறுத்து எடுத்தார்கள். அதனால் கொக்கி தப்பிய பயனெட்டுக்குச் சாதாரண 1907ஐவிடப் பல மடங்கு விலை. போலிகள் மலிவதும் இந்த இனத்தில்தான்.

புதியவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அலகின் அடியில் ‘1907’ என்று பொறித்திருந்தால் அது மாதிரியின் ஆண்டு. செய்த ஆண்டு அல்ல. அதன் கீழே மாதமும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் தனியே இருக்கும். 3, 18 என்றிருந்தால் 1918 மார்ச். வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் முதலிய பிரிட்டிஷ் நிறுவனங்களின் பெயரும், அமெரிக்காவின் ரெமிங்டன், ஆஸ்திரேலியாவின் லித்கோ முத்திரைகளும் காணப்படும். மறுபுறம் உள்ள பெருக்கல் குறி, வளைத்துப் பார்க்கும் சோதனையில் அலகு தேறியதற்கு அடையாளம்.

இந்திய வகைகளே இந்நாட்டுச் சேகரிப்பாளர் முதலில் அறிய வேண்டியவை. வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1907 மாதிரியைச் செய்து, ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று முத்திரையிட்டது. பேரரசர் என்ற பட்டத்தைக் குறிக்கும் ‘ஜி.ஆர்.ஐ.’ எழுத்துகளும் அதில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் நீண்ட அலகு இடைஞ்சல் என்று கண்டு, பழையவற்றை 12 அங்குலமாக வெட்டினார்கள். வெட்டியதை எளிதில் அறியலாம்: அலகின் நடுவே ஓடும் பள்ளம் நுனிவரை வந்து நிற்கும். புதிதாகச் செய்த குட்டை அலகுகளில் பள்ளமே இல்லை. போர் முற்ற முற்ற வேலைப்பாடு கரடாகி, கடைசி வகைகளில் பிடி சதுரித்து, அலகு கறுப்புப் பூச்சோடு வந்தது. மேலைநாட்டு விலைப்பட்டியல்கள் இவற்றை மட்டமாக மதிக்கின்றன. இந்தியச் சிப்பாய் கையாண்டதற்கு இவற்றைவிட நல்ல சான்று கிடையாது என்பதால் அந்த மதிப்பீட்டை இங்கே ஏற்க வேண்டியதில்லை. விடுதலைக்குப் பின்னும் .303 துப்பாக்கியோடு காவல் துறைகளில் பல பத்தாண்டுகள் இவை புழங்கின.

பிரெஞ்சு வகைகளில் மூன்று முக்கியம். 1866ஆம் ஆண்டு ஷாஸ்போ துப்பாக்கிக்குப் பித்தளைப் பிடியும் இரட்டை வளைவுள்ள அலகும். 1874ஆம் ஆண்டு கிராவுக்கு முதுகு தடித்த ஒல்லி அலகு. செய்த ஆயுதசாலையும் மாதமும் ஆண்டும் அந்த முதுகில் சாய்வெழுத்தில் செதுக்கப்பட்டிருக்கும். 1886ஆம் ஆண்டு லெபெலுக்குச் சிலுவை வெட்டுமுகமுள்ள நீண்ட ஊசி. முதல் உலகப் போரில் பிரெஞ்சு வீரர்கள் இதை ‘ரோசலி’ என்று செல்லமாக அழைத்தனர். கத்தியிலும் உறையிலும் ஒரே எண் இருந்தால் விலை கூடும்.

விலை: ஏற்றத்துக்கு முதற்காரணம் வரத்து முடிந்துபோனது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவற்றை 1860களில் கலைத்தபோது, தேர்ந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எஞ்சியவை உடைத்து உலோக எடைக்கு விற்கப்பட்டன. காயலான் கடைக்குப் போன பயனெட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. 2003 வாக்கில் காத்மாண்டுவின் லகன் சிலேகானா கிடங்கிலிருந்த பழைய பிரிட்டிஷ், நேபாளத் துப்பாக்கிகளும் பயனெட்டுகளும் மொத்தமாக அமெரிக்க வணிகர்களுக்குப் போனது ஒரு பெருவரத்து. அதன்பின் 2014 முதல் 2018 வரை நடந்த முதல் உலகப் போர் நூற்றாண்டு நினைவுகளும் இணைய ஏலமும் வாங்குவோரைப் பெருக்கின. 2023 மே மாதம் லண்டன் பான்ஹம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனது. பயனெட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை என்றாலும், வீட்டுப் பரணில் துருப்பிடித்த இரும்பு வைத்திருப்பவர் எல்லாம் கனவு காண அது போதுமானதாயிற்று.

பயனெட்டைப் பளபளவென்று தேய்த்தால் விலை போய்விடும். பழைய கறுப்பும் முத்திரையின் கூர்மையுமே மதிப்பு. வட இந்தியப் பட்டறைகளில் ஆகும் போலிகளில் எழுத்து ஆழமின்றி மழுங்கியிருக்கும். பூட்டு விசை சரியாக இயங்காது.

சட்டம்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள போர்க்கத்திகளைச் செய்யவும் விற்கவும் உரிமம் தேவை. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க்கால அலகுகள் அந்த வயதை எட்டிவிட்டன.

இன்றைய நிலை: பழைய படைக்கலங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், 1948இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் காணலாம்.