நோட்டைத் திருத்துவது யார்?

சென்ற வருடம் நான் ஒரு ஆன்லைன் கோர்ஸ் விற்றேன். கடைக்கணக்கு எழுதுகிறவர்களுக்கான எக்செல் பாடம். தமிழில் 32 வீடியோ, விலை 799 ரூபாய். காலர் மைக் ஒன்று வாங்கி, சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ராத்திரிகளில் உட்கார்ந்து பதிவு செய்தது. ஆறு மாதத்தில் 312 பேர் வாங்கினார்கள். எனக்கு அது பெரிய காசு. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பெரியப்பா சங்கரன்கோவிலில் முப்பது வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். ஷார்ட்ஹேண்டும் சொல்லிக்கொடுப்பார். லோயர், ஹையர் என்று அரசாங்கப் பரீட்சைக்கு ஆள் தயார் பண்ணி அனுப்பியவர். லாபம் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

"முன்னூறு பேரு நோட்டையும் யாருல திருத்துதா?" என்றார்.

"வீடியோ பெரியப்பா. நோட்டெல்லாம் கிடையாது. அவங்களே பாத்துப் படிச்சிக்கிடுவாங்க."

"சரி. ஒருத்தன் தப்பாப் போட்டா அது தப்புன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பேச்சை மாற்றினேன். ஆனால் சென்னை திரும்பியதும் முதல் வேலையாகக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 312 பேரில் கடைசி வீடியோ வரை வந்தவர்கள் 19 பேர். நான் பதில் போடாத மெசேஜ்கள் 41. அந்த ராத்திரி ஆரம்பித்ததுதான் இந்தப் படிப்பு. வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாடம் விற்கிற தொழில் எங்கே தொடங்கியது, அதில் நோட்டைத் திருத்தியது யார்?

ஆரம்பமே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1728 மார்ச்சில் பாஸ்டன் கெசட் பத்திரிகையில் கேலப் பிலிப்ஸ் என்ற ஆசிரியர் ஒரு விளம்பரம் கொடுக்கிறார். வெளியூரில் இருப்பவர்களுக்கு வாராவாரம் பாடம் அனுப்பி வைப்பேன், நேரில் படிக்கிறவர்கள் அளவுக்கு நீங்களும் கற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அமெரிக்கா என்ற நாடே இன்னும் உருவாகாத காலம். தொலைதூரக் கல்வியின் வரலாறு எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்த விளம்பரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அவர் விற்ற பாடம் எது தெரியுமா? ஷார்ட்ஹேண்ட். என் பெரியப்பாவின் தொழில்.

ஆனால் பாடம் போனது தெரிகிறதே தவிர, மாணவர் எழுதியது திரும்பி வந்ததா என்பது அந்த விளம்பரத்தில் தெரிவதில்லை. ஒருவழிப் பாதை. நான் விற்ற வீடியோ மாதிரி.

இருவழிப் பாதை வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அதைப் போட்டவர் ஐசக் பிட்மன். தமிழ்நாட்டில் சுருக்கெழுத்து படித்த எவருக்கும் இந்தப் பெயர் தெரியும். இங்கிலாந்தில் டிரோபிரிட்ஜ் என்ற ஊரில் 1813இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். ஸ்வீடன்போர்க் என்ற ஞானியைப் பின்பற்றும் திருச்சபையில் சேர்ந்ததற்காக வேலையை இழந்தவர். 1837இல் தன்னுடைய சுருக்கெழுத்து முறையைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். விலை நான்கு பென்னி. எழுத்தைப் பார்க்காதே, காதில் விழுகிற ஒலியை எழுது என்பதுதான் முறை. மெல்லிய கோடு போட்டால் ஒரு ஒலி, அதே கோட்டை அழுத்திப் போட்டால் இன்னொரு ஒலி. 'பேனா'வில் வருகிற ப மெலிசு, 'பஸ்'ஸில் வருகிற ப தடிமன். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நம் பிள்ளைகள் இங்கேதான் முதலில் சறுக்குவார்கள் என்று பெரியப்பா சொல்வார்.

பிட்மனுக்கு அதிர்ஷ்டம் தபால்துறை வழியாக வந்தது. அதுவரை பிரிட்டனில் ஒரு கடிதத்தின் கட்டணம் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். ரோலண்ட் ஹில் என்பவர் போராடிக் கொண்டுவந்த சீர்திருத்தத்தால், 1840 ஜனவரி 10 முதல் நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரே ஒரு பென்னி. நமக்கு ஜியோ வந்த 2016ஐ நினைத்துக்கொள்ளுங்கள். டேட்டா விலை விழுந்ததும் வீடியோ பாடங்கள் முளைத்தன இல்லையா, அதே கதைதான்.

அதே வருடம் பிட்மன் தன் முறை முழுவதையும் ஒரே தாளில் அடக்கி ஒரு பென்னிக்கு விட்டார். கூடவே ஓர் அறிவிப்பு. படிக்கிறவர்கள் பைபிளிலிருந்து சில வரிகளைச் சுருக்கெழுத்தில் எழுதித் தபாலில் அனுப்பலாம், நான் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன், திருத்துவதற்குக் காசு வேண்டாம். இந்த அறிவிப்பில் நான் ரொம்ப நேரம் நின்றேன். தாளுக்குக் காசு, திருத்தம் இலவசம். நான் செய்தது நேர் எதிர். வீடியோவுக்குக் காசு வாங்கினேன், திருத்தத்தை விற்கவே இல்லை.

பிட்மனைத் தியாகி ஆக்கவேண்டியதில்லை. அவர் கெட்டிக்கார வியாபாரி. திருத்தம் வாங்கியவன் அடுத்த புத்தகத்தை வாங்குவான், நண்பனிடம் சொல்வான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் குவிகிற கடிதங்களை ஒரு ஆள் எத்தனை நாள் திருத்த முடியும்? 1840களிலேயே வழி கண்டுபிடித்தார்கள். முறையை நன்றாகக் கற்றவர்கள் சங்கமாகச் சேர்ந்து, புதியவர்களின் தாள்களைத் தபால் வழியே திருத்திக் கொடுத்தார்கள்.

அடுத்த அத்தியாயம் அமெரிக்கா, நிலக்கரிச் சுரங்கம். 1869 செப்டம்பர் 6 அன்று பென்சில்வேனியாவில் அவொண்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்தது. வெளியேற ஒரே வழி, அதன்மேலேயே மரக்கட்டடம். 110 பேர் இறந்தார்கள். இதன் பிறகு சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. போர்மேன் ஆக வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும் என்ற விதியும் வந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத தொழிலாளி என்ன செய்வான்? தாமஸ் ஃபாஸ்டர் என்ற பத்திரிகையாளர் தன் சுரங்கப் பத்திரிகையில் கேள்வி பதில் பகுதி ஆரம்பித்தார். கேள்விகள் குவிந்தன. 1891இல் ஸ்க்ராண்டன் நகரில் அது அஞ்சல்வழிப் பாடமாகவே ஆனது. பின்னாளில் இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் என்று பெயர்பெற்ற நிறுவனம் அதுதான். கார் கம்பெனி தொடங்கிய வால்டர் கிரைஸ்லர், ரயில்வே மெக்கானிக்காக இருந்த காலத்தில் அங்கே தபாலில் படித்தவர்.

1920களுக்குள் அங்கே சேர்ந்தவர்கள் எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர் ஊராக விற்பனையாளர்கள் போய் ஆள் சேர்த்தார்கள், தவணையில் பணம் கட்டலாம். ஆனால் முடித்தவர்கள் சிறு பங்குதான். இங்கேதான் தொழிலின் இருட்டுப் பக்கம் வருகிறது. முதலில் பணம் கட்டிவிட்டு மூன்றாவது பாடத்தில் நிறுத்திவிடுகிறவனால் பள்ளிக்கு நஷ்டம் இல்லை. அவன் தாளை இனி யாரும் திருத்த வேண்டாம், எல்லாம் லாபம். வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள், இந்தத் தொழிலே விட்டுப்போனவர்களின் காசில் நின்றது என்று எழுதினார்.

அதன் உச்சம் ஃபேமஸ் ரைட்டர்ஸ் ஸ்கூல். 1960களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் புகழ்பெற்ற எழுத்தாளர்களின் படத்தைப் போட்டு, உங்களுக்குள் எழுத்தாளர் இருக்கிறாரா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லி விளம்பரம் வரும். எழுத ஆசைப்படும் எளிய மனிதர்கள் நூற்றுக்கணக்கான டாலர் கட்டிச் சேர்வார்கள். படத்தில் இருப்பவர்கள் பாடம் எடுப்பதில்லை, தாளைத் திருத்துவதும் இல்லை. ஜெசிகா மிட்ஃபர்ட் 1970இல் அட்லாண்டிக் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரை இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. அடுத்த இரண்டு வருடத்துக்குள் நிறுவனம் திவால்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு அரசாங்க முகம். தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் வீடுகளில் "கரஸ்ல டிகிரி முடிச்சேன்" என்று சொல்கிற ஒரு அத்தையோ மாமாவோ கட்டாயம் இருப்பார்கள். கட்டுக்கட்டாகப் புத்தகம் வரும், வருஷத்துக்குச் சில நாள் நேர்முக வகுப்பு, அப்புறம் நேரே பரீட்சை.

பிறகு இணையம். 2010இல் யுடெமி வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரென் பாலி துருக்கியில் ஒரே அறைப் பள்ளிக்கூடம் உள்ள கிராமத்தில் வளர்ந்து, இணையத்தில் கணிதம் கற்றவர். 2011இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு வகுப்பை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். பத்திரிகைகள் முதல் எண்ணைக் கொண்டாடின. எனக்கு இப்போது இரண்டாவது எண்தான் கண்ணில் படுகிறது. ஆனால் அதை வைத்து யாரையும் கேலி செய்ய என்னால் முடியாது. என் கோர்ஸில் பதினாறில் ஒருவர்கூட முடிக்கவில்லை.

முடிக்காதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொள்வது விற்கிறவருக்கு வசதி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் அந்த 41 மெசேஜையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் பெண் மூன்று மாதம் முன்னால் எழுதியிருந்தார். "சார், 14ஆவது வீடியோல நீங்க பண்ற மாதிரியே பண்றேன். முதல் வரிக்கு விலை சரியா வருது. கீழ இழுத்தா தப்பா வருது. எனக்குக் கணக்கு வராதுன்னு நினைக்கிறேன்." ஃபைலையும் இணைத்திருந்தார். திறந்து பார்த்தேன். வீ-லுக்கப் சூத்திரத்தில் ஒரு டாலர் குறி விட்டுப்போயிருந்தது. அது இல்லையென்றால் கீழே இழுக்க இழுக்க விலைப்பட்டியலின் வரம்பும் நழுவிக்கொண்டே போகும். திருத்த எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காக ஒருவர் மூன்று மாதம் தனக்குக் கணக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். மெல்லிய கோடா தடித்த கோடா என்கிற அதே விஷயம். வீடியோவுக்கு அது தெரியாது. நோட்டைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

எல்லாருக்கும் நானே திருத்தினால் 799 ரூபாய் கட்டாது. அதனால் பிட்மன் வழியையே எடுத்தேன். முடித்த 19 பேருக்கும் எழுதிக் கேட்டேன். நான்கு பேர் சரி என்றார்கள். இப்போது வாங்குகிறவர்களுக்கு ஐந்து பயிற்சி ஃபைல் உண்டு, ஒவ்வொன்றையும் ஒருவர் பார்த்துத் திருத்தி அனுப்புவார். அந்த நான்கு பேருக்கும் சம்பளம் கொடுப்பதால் விலை 1,499 ஆகிவிட்டது. விற்பனை பாதியாகக் குறைந்தது. இது எத்தனை நாள் ஓடும் என்று சொல்ல முடியாது.

திருப்பூர்காரருக்குத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, டாலர் குறி போட வேண்டிய இடத்தை மஞ்சள் அடித்து அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. "இவ்வளவுதானா சார்?" பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "இவ்வளவுதாம்ல. இதச் சொல்லத்தான் வாத்தியாரு" என்றார்.