பச்சை குத்துதல் (மலையகக் கிறிஸ்தவர்)

ஊசியால் தோலில் மையேற்றி நிலையான உருவம் வரையும் வழக்கம். தமிழகத்தில் குறவர் பெண்கள் கோலமும் தேளும் குத்திவிடுவர். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து இலங்கை மலையகத்தின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் மரபில் அந்தப் பச்சையும் உண்டு. தோட்டத் தமிழரிடையே அங்கிலிக்க ஊழியம் 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் பெயரில் தொடங்கியது.

கிறிஸ்தவர்களில் பச்சையை எதிர்ப்போர் காட்டும் வசனம் லேவியராகமம் 19:28. செத்தவருக்காக உடலைக் கீறுவதையும் உடலில் எழுத்துக் குத்துவதையும் அது சேர்த்தே தடுக்கிறது; ஆகவே இழவுச் சடங்கையே அது குறிக்கிறது என்பது மறுதரப்பு வாதம். முந்தைய வசனம் தாடியோரத்தைக் கத்தரிக்கவும் தடை சொல்வதை, மழித்த முகத்தோடு பிரசங்கிப்போர் பெரும்பாலும் எடுப்பதில்லை. ‘உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம்’ என்ற பவுலின் கருத்தே (1 கொரிந்தியர் 6:19) இதைவிட வலுவான எதிர்வாதம், அதன் சூழல் வேசித்தனம் பற்றியதாயினும்.

கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் பச்சைக்குத் தடை இல்லை. எகிப்தின் கோப்திக் கிறிஸ்தவர் மணிக்கட்டில் சிலுவை குத்திக்கொள்கின்றனர். எருசலேம் யாத்திரிகரும் நூற்றாண்டுகளாக அவ்வாறே செய்துவருகின்றனர். 1920களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனிலோ நகைக்கே இடமில்லை. பச்சையைக் கேட்கவே வேண்டாம்.

இலங்கையில் தகராறு எழுந்தது வேறோர் உருவத்தால்: கையில் புத்தரைக் குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவர் 2014இல் நாடுகடத்தப்பட்டார், 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கியது. ஹட்டன், நுவரெலியா இளைஞர் இன்று ‘டாட்டூ’ என்கின்றனர். பாட்டியின் கையிலிருப்பது மட்டும் ‘பச்சை’.